சுவரில் மாட்டிய வாய்

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்பவளின் குரலை ஊரே கேட்கும், முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். என் அக்காவுக்கு அந்த வசதி பிடித்திருந்தது. சின்னக் கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு கடிகாரம், மேசையில் மூடிபோட்ட தண்ணீர்க் குவளை. "கூட்டத்துக்கு நடுவுல இருக்கேன், ஆனா ஒருத்தர் மூச்சும் என்மேல படாது" என்பாள். எங்கள் தெருவில் அவளுக்குப் பெயரே 'ஸ்டேஷன்' என்றாகிவிட்டது. கடைக்குப் போனால்கூட, "ஸ்டேஷன் வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளின் வாயைப் படம் பிடித்து, கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி, ஒரு மருத்துவமனைச் சுவரில் மாட்டினார்கள். அதுவும் நான் வேலை செய்கிற மருத்துவமனையில்.

அது பல் மருத்துவக் கல்லூரி. கீழ்த்தளத்தில் ஈறு நோய்ப் பிரிவு. மேல் மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம். ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் குடியேறி, எலும்புவரை அரிக்கிற ஒரு கிருமியை வளர்ப்பதுதான் என் வேலை. காற்றுப் பட்டால் செத்துப்போகும் ஜென்மம் அது. காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டுத்தான் அதைத் தொடவே முடியும். ரத்தம் கலந்த கூழில் கறுப்புப் பொட்டுகளாக வளரும். மூடியைத் திறந்தால் சாக்கடையே தேவலை என்று தோன்றும். அதனுடைய மரபணுக்களில் ஒவ்வொன்றாக உடைத்து, எதை உடைத்தால் அதன் அட்டகாசம் அடங்குகிறது என்று பார்ப்பேன். வீட்டில் யாராவது "என்ன வேலை?" என்று கேட்டால், "ரவுடியோட கத்தியைப் புடுங்கற வேலை" என்று அக்காவே பதில் சொல்லிவிடுவாள்.

அவளுக்கு ஈறில் ரத்தம் கசிந்து, கீழ்வரிசை முன்பல் ஆட ஆரம்பித்தபோது, கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போனது நான்தான். சீட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டு, என் கிருமிக்குத் தீனி போட மாடிக்கு ஓடிவிட்டேன். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் கேட்டேன்.

பிரிவின் பெரிய டாக்டரை மாணவர்கள் 'சுரண்டி சார்' என்பார்கள். பல்லில் படிந்த காரையைச் சுரண்டுவதில் கை அவ்வளவு சுத்தம். வாயும் சுரண்டும். அவர் அக்காவின் உதட்டை இழுத்துப் பிடித்து, ஈறு இடுக்கில் அளவுக் கம்பியை இறக்கி, சுற்றி நின்ற மாணவர்களைப் பார்த்து, "நல்லா பாத்துக்கோங்க. இதுக்குப் பேர்தான் சோம்பேறி வாய்" என்றிருக்கிறார்.

அக்கா பிளந்த வாயோடே, "ரெண்டு வேளையும் தேய்க்கிறேன் டாக்டர்" என்று சொல்லப் பார்த்திருக்கிறாள்.

"எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க. வாய் பொய் சொல்லும். ஈறு சொல்லாது."

மாணவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தி கேமராவை நீட்டி, "படிப்புக்காக ஒரு ஃபோட்டோ மேடம்" என்றாள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கொக்கி மாட்டி வாயைக் கிழித்து வைத்திருக்கும்போது மனுஷி என்ன பதில் சொல்வாள்? தலையசைத்திருக்கிறாள். அது சம்மதமாம்.

வீட்டுக்கு வந்தவள் ஒரு முரட்டு பிரஷ் வாங்கினாள். சோம்பேறி என்று சொல்லிவிட்டாரே என்று, விடியற்காலையும் இரவும் தண்டவாளம் துலக்குவதுபோல் துலக்கினாள். வாஷ்பேசின் சிவந்தது. அத்தனை அழுத்தித் தேய்த்தால் ஈறு இன்னும் இறங்கும் என்று நான் கத்தினேன். "பெரிய டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், டயர் கடை வைத்திருப்பவர், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"என்னைப் பாரு. விரல்ல ஒரு இழுப்பு, ஒரு கொப்புளிப்பு. அவ்வளவுதான். பல்லு இரும்பு மாதிரி நிக்குது. உங்கக்கா பல்லு விளக்கற லட்சணம் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பல் நிற்கவில்லை. தெருமுனைப் பல் டாக்டரிடம் பிடுங்கத்தான் வேண்டியதாயிற்று. பிடுங்கிய பிறகு 'ச' வரும் இடத்திலெல்லாம் அவளுக்கு விசில் வந்தது. "சென்றடையும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால், நடைமேடையில் நிற்கிற பிள்ளைகள் திருப்பி விசிலடித்தன. நிலைய அதிகாரி கூப்பிட்டார். கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். "செயற்கைப் பல்லு வைக்கறவரைக்கும் பார்சல் பக்கம் இருங்களேன்." கண்ணாடி அறையிலிருந்து மூட்டைகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தாள் அக்கா.

அங்கேதான் எடை போடுகிற அம்மா ஒருத்தி, பல்வலிக்காக எங்கள் மருத்துவமனைக்குப் போய்வந்தவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஆஸ்பத்திரி ஹால்ல ஒரு படம் மாட்டியிருக்காங்க. உதட்டுக்குக் கீழ மச்சம்... அது உங்களுது தானே?"

நான் தினமும் பின்வாசல் வழியாக வந்து மாடிப்படி ஏறுகிறவள். அக்காவை அழைத்துவந்த நாளுக்குப் பிறகு காத்திருப்போர் கூடத்தை எட்டிப் பார்த்ததே இல்லை. அக்கா போனில் சொன்னதும் இறங்கி ஓடினேன். இருந்தது. கொக்கி மாட்டிய வாய். வீங்கிச் சிவந்த ஈறு. ஆடுகிற பல்லைக் காட்ட ஒரு மஞ்சள் அம்பு. கீழே அவளுடைய அந்த மச்சம், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் பார்த்து வளர்ந்த மச்சம். மேலே கொட்டை எழுத்தில்: 'பல் துலக்காதவர் கதி இதுதான்!' ஆச்சரியக்குறி வேறு.

அந்த ஆச்சரியக்குறியைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

"அந்தப் படத்தை எடுத்துடுங்க சார். அது என் அக்கா."

"அப்படியா? முகம் தெரியலையேம்மா. வாய் மட்டும்தானே."

"மச்சம் தெரியுது. வேலை பாக்கற இடத்துல கண்டுபிடிச்சுட்டாங்க."

"மச்சம் ஆயிரம் பேருக்கு இருக்கும்."

"அவ பல்லு துலக்கலன்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"ஈறு சொல்லுது." அவர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "இங்க பாருங்க. நீங்க மேல உக்காந்து கிருமியோட ஜீனை நறுக்கிட்டு இருக்கீங்க. நான் கீழ மனுஷன் வாயைப் பாக்கறேன். ஜீன்தான் காரணம்னு ஒரு வார்த்தை வெளிய போகட்டும், நாளைக்கு ஒருத்தன் பிரஷ்ஷைத் தொடமாட்டான். பயம் இருந்தாத்தான் தேய்ப்பான்."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. தேய்க்காமல் விட்டால் எந்த ஈறும் கெடும்தான். ஆனால் அந்தப் பாதி நியாயத்துக்கு என் அக்காவின் வாய்தானா கிடைத்தது? ஒழுங்காகத் தேய்த்தவளைத் தேய்க்காதவள் என்று சுவரில் அறைந்து, அதைக் காட்டி ஊரைப் பயமுறுத்துவானேன்? இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். கோபத்தில்தான்.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி அதிகம் பேசமாட்டார். நான் மூச்சுவாங்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "கத்தினா என்ன ஆகப்போவுது? ஈறுலேருந்து மாதிரி எடு" என்றார். "அக்காகிட்ட கேட்டுட்டு எடு. வீட்டுல வேற யார் இருக்காங்க? அவங்களுதும் எடு."

அக்கா உடனே ஒத்துக்கொண்டாள். மாமாதான் துள்ளினார். "எனக்கெதுக்கு? என் பல்லுல டயரையே கழட்டலாம்."

"வாயைத் தொறங்க" என்றாள் அக்கா. அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. மாமா திறந்தார். ஊசிபோல் மெலிந்த காகிதக் குச்சியைக் கடைவாய் இடுக்கில் இறக்கி எடுத்தேன். வெள்ளைக் குச்சி சிவந்து வந்தது. அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இரண்டு மாதிரிகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் சாவகாசமாக வளர்ந்தன. அவசரப்படுத்த முடியாத பிறவி. கடைசியில் இரண்டு தட்டுகளிலும் கறுப்புப் பொட்டுகள் வந்தன. மரபணுவைப் படித்தோம். இந்தக் கிருமியின் உடம்பு முழுக்க நுண்ணிய முடிகள் உண்டு. அதை வைத்துத்தான் ஈறில் தொற்றிக்கொள்ளும். அந்த முடியைச் செய்கிற மரபணுவில் பல வகை. சாதுவான வகையும் உண்டு, நல்ல ஈறில்கூடச் சும்மா குடியிருந்துவிட்டுப் போகும். போக்கிரி வகையும் உண்டு, ஈறின் செல்லுக்குள்ளேயே புகுந்துவிடும். அக்காவிடம் இருந்தது போக்கிரி. மாமாவிடமும் அதே போக்கிரி. வரிக்கு வரி ஒன்று.

அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து விளக்கினேன்.

"அப்போ இவகிட்டேருந்து எனக்கு ஒட்டிக்கிச்சா?" என்றார் மாமா.

"உங்ககிட்டேருந்து அவளுக்கும் போயிருக்கலாம் மாமா. யார்கிட்டேருந்து யாருக்குன்னு சொல்ல முடியாது. சேர்ந்து வாழறவங்க வாய்ல இது கைமாறும்."

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஈறுல ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல" என்றாள் அக்கா, அடுப்பைப் பார்த்தபடி.

மாமா தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார்.

"சரி, ரெண்டு பேர்கிட்டயும் ஒரே சனியன்னா, என் பல்லு மட்டும் ஏன் போச்சு? இந்த மனுஷன் விரலால தேய்க்கறவரு" என்றாள் அக்கா.

"உடம்பு எதிர்க்கிற விதம் ஆளாளுக்கு வேறக்கா. அவருக்கு மெதுவா அரிக்குது, உனக்கு வேகமா அரிச்சிடுச்சு. அவருக்கும் கடைவாய்ல பள்ளம் விழுந்தாச்சு, தெரியல, அவ்வளவுதான். அந்த ஆழத்துக்கு எந்த பிரஷ்ஷும் போகாது. நீ இன்னும் அழுத்தித் தேய்ச்சதுல ஈறுதான் கிழிஞ்சுது."

அக்கா அடுப்பை அணைத்தாள். பிறகு, "அப்போ நான் சோம்பேறி இல்ல" என்றாள். கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை. நடு வயதுப் பெண், வீட்டையும் வேலையையும் கட்டி இழுத்தவள், ஒரு மூன்றாம் மனிதன் சொன்ன ஒரு சொல்லை இத்தனை நாள் தொண்டைக்குள் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. எதையாவது உடைக்க வேண்டும்போல் இருந்தது.

தலைவி, ஈறு நோய்ப் பிரிவின் வாராந்தரக் கூட்டத்தில் எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார். அக்காவின் முடிவுகளை அவள் அனுமதியோடு காட்டினேன். கூடவே, எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே வளர்த்து வந்த ரகத்தில் இரண்டு தட்டுகளையும் கொண்டுபோனேன். ஒன்றில் கிருமி முழுசாக இருந்தது. இன்னொன்றில் ஒரே ஒரு மரபணுவை மட்டும் நான் உடைத்திருந்தேன். நம் ஈறின் புரதத்தைக் கத்தரிபோல் வெட்டி, ரத்தத்திலிருந்து இரும்பைத் திருட உதவுகிற நொதியைச் செய்யும் மரபணு அது. முழுக் கிருமி கன்னங்கரேல் என்றிருந்தது. உடைத்தது வெளிறிப் போய், பசும்பாலின் ஏடு மாதிரி கிடந்தது.

"ரெண்டும் ஒரே கிருமி" என்றேன். "கத்தரி இருக்கறது கறுப்பு, இல்லாதது வெளுப்பு. வெளுத்தது ஈறுல பழைய மாதிரி ஆட்டம் போட முடியாது. அப்போ, ஒரு வாய்ல எந்த ரகம் உக்காந்திருக்குன்னு தெரியாம, அந்த வாய்க்குச் சொந்தக்காரங்களைக் குத்தம் சொல்ல நமக்கு உரிமை இல்ல. தேய்க்கச் சொல்லுங்க, வேண்டாங்கல. தேய்ச்சவங்களைத் தேய்க்கலன்னு சொல்லாதீங்க."

மூடி ஒட்டிய தட்டுகளை மாணவர்கள் கை மாற்றிப் பார்த்தார்கள். பெரிய டாக்டரும் பார்த்தார்.

"நல்ல வேலை. சுவாரசியமாதான் இருக்கு. ஆனா போஸ்டர் விழிப்புணர்வுக்கு வச்சது. அது பாட்டுக்கு இருக்கட்டும்." பிறகு கனிவாக, அந்தக் கனிவைத்தான் மன்னிக்க முடியவில்லை, "சொந்தக்காரங்கறதால கொஞ்சம் உணர்ச்சிவசப்படறீங்கம்மா" என்றார்.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஓ" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை, கூடம் நிறைந்து வழிகிற நேரத்தில், ரயில்வே சீருடையில் வந்தாள். இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. வரவேற்பு மேசையில் நோயாளிகளின் பெயரைக் கூப்பிட ஒரு மைக் உண்டு. "ஒரு நிமிஷம் தர்றீங்களா? ஒரு அறிவிப்பு இருக்கு" என்றாள். வரவேற்பாளப் பெண் சீருடையைப் பார்த்து என்ன நினைத்தாளோ, கொடுத்துவிட்டாள். நான் தகவல் கேள்விப்பட்டுப் படியிறங்கி வருவதற்குள் அக்கா தொடங்கிவிட்டாள்.

"நோயாளிகளின் கனிவான கவனத்திற்கு. சுவரில் மாட்டியிருக்கும் வாய் என்னுடைய வாய். என்னைக் கேட்காமல் மாட்டப்பட்டது. நான் தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறேன். துலக்கியும் பல் போனது. என் ஈறில் இருக்கும் கிருமி பொல்லாத ரகம் என்று இதே கட்டடத்தின் மேல் மாடியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைக் கீழ்த்தளத்தில் சொல்ல மறுக்கிறார்கள்."

ஒவ்வொரு 'ச'வுக்கும் விசில் வந்தது. அவள் அதை மறைக்கவில்லை. பதற்றமில்லாத, எந்த ரயிலும் தாமதமாகாத குரல். முனகிக்கொண்டிருந்த கூடம் அடங்கிவிட்டது.

"இங்கு அமர்ந்திருப்பவர்களில், ஒழுங்காகப் பல் துலக்கியும் திட்டு வாங்கியவர்கள் தயவுசெய்து கையை உயர்த்தவும்."

முதலில் ஒரு கிழவர் உயர்த்தினார். பிறகு கன்னத்தைப் பிடித்திருந்த ஒரு பெண், இன்னொரு கையை. பிறகு வரிசை வரிசையாக.

பெரிய டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். "என்னம்மா இது? யாரைக் கேட்டு மைக்கை எடுத்தீங்க?"

"இந்தப் பொண்ணைக் கேட்டு" என்றாள் அக்கா, மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே. "நான் மைக்கைக் கேட்டுட்டு எடுத்தேன். நீங்க வாயைக் கேக்காம எடுத்தீங்க."

கூடத்தில் யாரோ கைதட்டினார்கள். டாக்டர் காவலாளியைத் தேடினார். காவலாளி வாசல் பக்கம் நின்றிருந்தார். அவர் கையும் மேலேதான் இருந்தது.

அன்று பிற்பகல் படம் இறங்கியது. சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம், அதற்காகத்தானாம். மன்னிப்பு என்று ஒரு எழுத்து யாரிடமிருந்தும் வரவில்லை. மாறாக, என் உறவினரைத் தூண்டிவிட்டு ஒழுங்கைக் கெடுத்தேனா என்று நிர்வாகம் என்னிடம் விளக்கம் கேட்டது. என் சார்பில் தலைவியே போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று கேட்டேன். "நோயாளிகிட்ட அனுமதி வாங்காத படம் இன்னும் எத்தனை இருக்குன்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவங்க பேசல" என்றார்.

ஈறு நோய்ப் பிரிவிலேயே ஓர் இளம் டாக்டர், அந்தக் கூட்டத்தில் தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், தானாக முன்வந்து அக்காவையும் மாமாவையும் சேர்த்தே சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார். ஒருவரை மட்டும் சுத்தம் செய்தால் இன்னொருவரிடமிருந்து திரும்பி வந்துவிடும் என்பது அவர் வாதம். ஈறுக்கு அடியில் வேர்வரை சுரண்டி, மருந்தும் கொடுத்தார். அக்கா சத்தமே போடவில்லை. மாமா போட்ட கூச்சல் மாடியில் என் கண்ணாடிப் பெட்டிவரை கேட்டது. ஆடத் தொடங்கியிருந்த அடுத்த பல் அக்காவுக்கு நின்றுவிட்டது. போன பல்லுக்குப் பதில் பொய்ப்பல் வைத்தார்கள். கண்ணாடி அறைக்குத் திரும்பினாள், ஆனால் காலை முறை மட்டும்தான். அவள் இல்லாத நாட்களில் பதிவுசெய்த குரலை ஓட்டிப் பழகிவிட்டார்கள், அது மலிவாம். அவளுடைய மாலை ரயில்களையெல்லாம் இப்போது ஓர் இயந்திரம் அறிவிக்கிறது.

அந்தக் கல்விப் பருவத்தின் கடைசியில் பெரிய டாக்டர் ஒரு பெரிய வகுப்பு எடுத்தார். மேல் மாடிக்காரர்களும் போனோம். திரையில் என் இரண்டு தட்டுகள், கறுப்பும் வெளுப்பும். "கிருமியின் மரபணுவே நோயின் தீவிரத்தைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகளில் ஒன்று என்று நமது துறை கண்டறிந்துள்ளது" என்றார். நமது துறை! அடுத்து அக்காவின் ஈறு வந்தது, மச்சம் இல்லாமல் வெட்டியெடுத்த படம்.

எழுந்து நின்றேன். கூடம் முழுக்க மாணவர்கள்.

"ஒரு சந்தேகம் சார். அந்த வாய்க்குச் சொந்தக்காரங்க பல்லு தேய்ச்சாங்களா, இல்லையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உட்காரவில்லை. என் பக்கத்தில் தலைவியும் மெதுவாக எழுந்து நின்றார்.

"தேய்ச்சாங்க" என்றார் அவர். திரையைப் பார்த்துத்தான் சொன்னார், மாணவர்களைப் பார்த்து அல்ல. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

மாலை நேராக அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"வேற என்ன சொன்னாரு?"

"அவ்வளவுதான். தேய்ச்சாங்கன்னாரு."

"ஒரு பல்லுக்கு ஒரு வார்த்தை" என்றாள். "கஞ்சப் பய."

மாமா உள்ளேயிருந்து சிரித்தார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் சிரிப்பு நின்றது. குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.